நட்சத்திரத்தின் வயதைச் சொன்ன ஊதா ஒளி!

விளக்கில் எண்ணெய் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால், அது எவ்வளவு நேரம் எரிந்தது என்று சொல்லிவிடலாம்.

அதே முறையில் ஒரு நட்சத்திரத்தின் வயதையே கணக்கிட்டுவிட்டார்கள், விஞ்ஞானிகள்!

அந்த நட்சத்திரத்தின் பெயர், சி.எஸ். 31082-001. வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதில் யுரேனியம் இருக்கிறது. இந்த உலோகம் தானாகவே அழிந்து, 450 கோடி ஆண்டுகளில் பாதியாகிவிடும். தோரியம் என்ற மற்றோர் உலோகம் பாதியாவதற்கு 1,400 கோடி ஆண்டு ஆகும்.

தொடக்கத்தில் இரண்டும் எந்த விகிதத்தில் இருந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். இப்போதைய விகிதத்தோடு ஒப்பிட்டால், வயது தெரிந்துவிடும்.

கைரேகை

அவ்வளவு தூரத்தில் யுரேனியம் இருப்பது எப்படித் தெரியும்?

நட்சத்திர ஒளியைக் கருவியால் பிரித்தால், வானவில்போல நிறங்கள் விரியும். நடுநடுவே கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கோடுகள் உண்டு. மனிதனுக்குக் கைரேகை போல!

யுரேனியத்தின் கோடு, ஊதா நிறத்தின் விளிம்பில் விழுகிறது. அதைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்.

ஓசோன் குடை

புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை, வானில் உள்ள ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. அது நம் உடலுக்கு நல்லது. ஆனால், வான ஆராய்ச்சிக்கு இடைஞ்சல். ஊதாவை அடுத்த ஒரு சிறு பகுதி மட்டுமே தரைக்கு வந்து சேருகிறது. அதுவும் மங்கலாக!

அந்த மங்கல் ஒளியைச் சேர்க்கப் பெரிய கண்ணாடி வேண்டும். விண்வெளியில் சுற்றும் 'ஹப்பிள்' டெலஸ்கோப்பின் கண்ணாடி, 2.4 மீட்டர் அகலந்தான். தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் பரனால் மலையில் உள்ள டெலஸ்கோப்பின் கண்ணாடியோ 8.2 மீட்டர்!

அதன் உதவியால் யுரேனியத்தின் கோட்டை ரோஜே கெய்ரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் குழு அளந்து, 2001-ம் ஆண்டு வெளியிட்டது. வயது, சுமார் 1,250 கோடி ஆண்டு! 300 கோடி கூடலாம், குறையலாம். நம் சூரியனுக்கு வயது 460 கோடிதான்.

புதுக் கருவி

அதே சிலியில், 39 மீட்டர் கண்ணாடியுடன் ஒரு ராட்சத டெலஸ்கோப் கட்டப்பட்டு வருகிறது. ஆனால், அதன் கண்ணாடிக்குப் பூசுவது வெள்ளி. வெள்ளி, புற ஊதாக் கதிரைச் சரியாகப் பிரதிபலிக்காது.

ஆகவே, பரனால் டெலஸ்கோப்புக்கே இந்த ஒளிக்கென்று தனியாக 'க்யூப்ஸ்' என்ற கருவியை உருவாக்கி வருகிறார்கள். அது வந்தால், இன்னும் மங்கலான நட்சத்திரங்களிலும் யுரேனியத்தைத் தேடலாம். அவற்றின் வயதையும் அறியலாம்.