சுண்டைக்காய் வேரில் கத்தரி: நூற்புழுவைத் தடுக்கும் ஒட்டுச்செடிகள்

தண்ணீர் குறையவில்லை, உரமும் வைத்தாயிற்று. ஆனாலும் நடுப்பகலில் கத்தரிச் செடி துவண்டு நிற்கிறது, இலை வெளுக்கிறது. பிடுங்கிப் பார்த்தால்தான் காரணம் தெரியும்: வேர் நெடுக முண்டும் முடிச்சுமாக இருக்கும். வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை அது. அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத இதன் இளம்புழு வேர் நுனியில் நுழைந்து, நீரும் சத்தும் ஓடும் நடுப்பகுதியை அடைகிறது. அங்குள்ள சில செல்களை ஊதிப் பெருக்கவைத்து, அவற்றையே உறிஞ்சி வாழ்கிறது. ஒரு பெண்புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். சூடான மண்ணில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார்.

மண்ணுக்குள் மெத்தில் புரோமைடு வாயுவைச் செலுத்திப் புழுவைக் கொல்வது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகள் 2005-லும் வளரும் நாடுகள் 2015-லும், சில விலக்குகள் நீங்கலாக, அதைக் கைவிட்டன. காய்கறியில் ஒட்டுக் கட்டுவது பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

புழு தாக்குவது வேரை. எனவே எதிர்ப்பு வேரில் இருந்தால் போதும். காய் நாம் விரும்பும் ரகமாகவே இருக்கலாம். கத்தரிக்கு அப்படிக் கிடைத்த வேர்தான் நம் வேலியோரச் சுண்டைக்காய். முக்கியமான வேர்முடிச்சு நூற்புழு இனங்களையும் பாக்டீரியா வாடல் நோயையும் அது நன்றாகத் தாங்குகிறது. விதை மெதுவாகவும் சீரில்லாமலும் முளைக்கும் என்பதால் சுண்டையை முன்கூட்டியே விதைத்துவிட்டு, கத்தரியைப் பின்னால் விதைக்கிறார்கள். இரண்டின் தண்டும் ஒரே பருமனுக்கு வந்ததும் வெட்டிப் பொருத்தி கிளிப் மாட்டுகிறார்கள்.

தக்காளியின் கதை வேறு. 1944-இல் கலிபோர்னியாவில் பால் ஸ்மித் என்ற ஆய்வாளர், தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளி ஒன்றைப் பயிர்த் தக்காளியோடு கலந்தார். இந்தக் கலப்பில் விதை முற்றுவதில்லை. அதனால் கருவை மட்டும் பிரித்தெடுத்து, ஊட்டக் கலவையில் வளர்த்தார். அதில் வந்த ‘மி’ என்ற மரபணுவைத்தான் புழு எதிர்ப்புள்ள தக்காளி ரகங்களும் தக்காளி வேர்ச்செடிகளும் இன்றும் பெரிதும் நம்பியிருக்கின்றன. இது இருக்கும் வேரில் புழு நுழையத்தான் செய்யும். ஆனால் அது வாய் வைக்கும் இடத்துச் செல்கள் ஓரிரு நாளில் தாமாகவே செத்துவிடும். இரையில்லாமல் புழுவும் சாகும்.

மண் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்த எதிர்ப்பு தளர்ந்துவிடுகிறது. நம் கோடை மண்ணுக்கு 28 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. ஆகவே ‘புழு எதிர்ப்பு’ என்று விதைப் பையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி மார்ச், ஏப்ரலில் தக்காளி நடுவது சரியல்ல என்பது என் கருத்து.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். தர்பூசணி, வெள்ளரிக்கு அடியில் ஒட்டப்படும் கலப்பினப் பூசணி வேர் வீரியமானது. முடிச்சு விழுந்தாலும் ஓரளவு காய் தரும். ஆனால் அது புழுவைத் தடுப்பதில்லை, வளர்க்கிறது. அறுவடை முடிந்த பின் அந்த மண்ணில் புழு முன்னைவிடப் பெருகியிருக்கும், அடுத்த பயிர் மாட்டிக்கொள்ளும். தாங்குவது வேறு, தடுப்பது வேறு. நாற்றுப் பண்ணைகள் எந்த வேர், எந்தப் புழுவுக்கு என்று குழித்தட்டிலேயே எழுதித்தர வேண்டும். இதை விவசாயிகள் வற்புறுத்திக் கேட்கலாம்.

நட்ட பிறகும் கவனம் தேவை. ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். பழக்கத்தில் மண் அணைத்து அதை மூடிவிட்டால், மேலிருக்கும் கத்தரித் தண்டு தானே வேர்விடும். புழு அந்த வேர் வழியாக ஏறிவிடும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் முள்ளுள்ள சுண்டைத் தளிர்களையும் உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும்.

‘மி’ மரபணுவுக்கு அடங்காத புழு இனமும் உண்டு. மெலாய்டோகைனி என்டரோலோபி என்ற அந்த இனம் 2016-இல் தமிழ்நாட்டுக் கொய்யாத் தோட்டங்களில் இருப்பதாகப் பதிவானது. தக்காளி, கத்தரி, மிளகாய் வேர்களிலும் அது பெருகும். கொய்யாக் கன்றின் மண்கட்டியோடு சேர்ந்தே அது ஊர்விட்டு ஊர் போகிறது. பழைய கொய்யாத் தோட்டத்தை அழித்துக் காய்கறி வைப்பவர்கள் ஒட்டுநாற்று வாங்கும் முன் மண்ணையும் வேரையும் பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது.