பறவைக் காய்ச்சலை விரைந்து கண்டறிதல்

பொன்முடி மலைச்சரிவில் பிறந்து கல்லாறு என்னும் சிற்றூரின் உருண்டைக் கற்களிடையே ஓடிவரும் ஆறு, வாமனபுரம் ஆற்றுடன் கலந்து, திருவனந்தபுரம் மாவட்டத்தின் வடபகுதியைக் கடந்து காயலை அடைகிறது. இந்த ஆற்றுப்படுகையின் மேற்பகுதியில் பாலோடு உள்ளது. கேரள அரசின் கால்நடை நோய் ஆய்வு நிறுவனம் அமைந்திருப்பது அங்கேதான். காயல் பக்கத்தில் உள்ள அழூர் ஊராட்சியின் பெருங்குழிப் பகுதியில் 2023 ஜனவரியில் வாத்துகளும் கோழிகளும் மடிந்தன. நோய் பறவைக் காய்ச்சல் என உறுதியாயிற்று. ஆய்வு நிறுவனமும் நோயும் ஒரே மாவட்டத்தில் இருந்தும், இறுதிச் சொல் 1,500 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள போபாலிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. ஏன் இவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ள, இந்நோயைக் கண்டறியும் முறைகளைச் சற்று விரிவாக நோக்க வேண்டும்.

பறவைக் காய்ச்சல் இன்ஃபுளுவென்சா 'ஏ' வகை வைரஸால் உண்டாவது. வைரஸின் மேற்புறத்தில் இருவகைப் புரதங்கள் முட்களைப் போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று 'எச்', மற்றொன்று 'என்'. பறவைகளில் 'எச்' 16 வகையும், 'என்' 9 வகையும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. எச்5என்1, எச்5என்8 என்ற பெயர்கள் இவற்றின் சேர்க்கையைக் குறிப்பனவே. எச்5, எச்7 வகைகளிற் சில, கோழிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும் கொடுந்தன்மை பெறக்கூடியவை. 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 வைரஸ் 18 மனிதர்களைத் தொற்றி அறுவரைப் பலிகொண்ட பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. இந்தியாவில் கோழிகளிடையே முதன்முதலாக 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாபூரில் இந்நோய் வெளிப்பட்டது.

கேரளத்தில் பெருஞ்சேதம் விளைந்தது 2014 நவம்பரில். ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டை மாவட்டங்களில் வாத்துகள் மடிந்தன. 2016இலும் 2021 ஜனவரியிலும் எச்5என்8 வந்தது. 2024 ஏப்ரலில் எடத்துவா, செறுதனை ஊராட்சிகளில் மீண்டும் எச்5என்1 தோன்றியது. குட்டநாட்டின் வாத்துகள் ஓரிடத்தில் அடைபட்டிருப்பவை அல்ல. நெல் அறுவடையானதும் மந்தை வயலுக்கு வயல், கால்வாய்க்குக் கால்வாய் நகரும். வலசைப் பறவைகள் இறங்கும் நீர்நிலைகளும் அவையே. கிறிஸ்துமஸ் விற்பனையை நம்பி வாத்துகள் வளர்க்கப்படுவதால், மந்தைகள் மிகப் பெருகியிருக்கும் காலமும் வலசைக் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. நோயுற்ற மந்தை ஒரு நாள் கூடுதலாக நடமாடினால், எத்தனை வயல்களில் வைரஸ் எச்சத்துடன் விழும் என்று சொல்ல இயலாது.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலுமா? இயலாது. தலை வீக்கம், நீலம் பாரித்த கொண்டை, திடீர்ச் சாவு ஆகியவை ராணிக்கெட் நோயிலும் காணப்படலாம். வாத்துப் பிளேக்கும் மந்தையையே மடியச் செய்யும். மேலும், வாத்துகள் சில வேளைகளில் நோய்க்குறி ஏதுமின்றியே வைரஸை வெளியிட்டுக்கொண்டிருக்கும். ஆகவே மூச்சுக்குழலிலும் கழிவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, அதனைக் காப்புநீர்மத்தில் இட்டு, பனிக்கட்டியுடன் மூன்றடுக்குப் பெட்டியில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகின்றனர். இங்கே குளிர்ச்சி குறைந்துவிட்டால் பின்னர் எத்தகைய நுட்பக் கருவியும் பயன்படாது. விரைவுச் சோதனை என்று பேசுவோர் பெரும்பாலும் கருவியைப் பற்றியே பேசுகின்றனர். பெட்டியைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பழைய முறை, முட்டையில் வைரஸை வளர்ப்பது. நோய்க்கிருமி அற்ற கோழிகளின், 9 முதல் 11 நாள் கரு வளர்ந்த முட்டையினுள் மாதிரியைச் செலுத்தி, சில நாட்கள் கழித்துக் கருவைச் சூழ்ந்த பைநீரை எடுப்பர். அதில் வைரஸ் இருப்பின் கோழியின் இரத்தச் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1941இல் ஹிர்ஸ்ட் கண்ட இவ்வியல்பு இன்றும் பயன்படுகிறது. எந்த வகைக்குரிய எதிர்ப்புப்பொருளைச் சேர்த்தால் இந்த ஒட்டுதல் நின்றுபோகிறதோ, அதைக்கொண்டு 'எச்' வகையை அறிவர். முதல் முட்டையில் வளராவிட்டால் மீண்டும் ஒருமுறை முயல வேண்டும். ஐயத்துக்கு இடமற்ற முறையே. ஆயினும் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். அதுவரை மந்தை காத்திருக்காது.

இதற்கு நேர்மாறானது பட்டைச் சோதனை. மாதிரியைக் கரைத்துச் சில சொட்டுகள் விட்டால், வைரஸின் உட்கருப் புரதத்தைப் பற்றும் எதிர்ப்புப்பொருள் கால் மணி நேரத்தில் ஒரு கோட்டைக் காட்டும். வயல் வரப்பிலேயே செய்துவிடலாம். ஆனால் வைரஸ் மிகுதியாக இருந்தால்தான் கோடு தோன்றும். கோடு இல்லை என்பதால் நோய் இல்லை என்று கொள்வது ஆபத்து. கோடு தோன்றினாலும் அது 'ஏ' வகை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. இந்தியக் கோழிப்பண்ணைகளில் நிலைபெற்றுவிட்ட, வீரியம் குறைந்த எச்9என்2 வைரஸும் அதே கோட்டையே காட்டும். அதை நம்பிப் பல்லாயிரம் பறவைகளைக் கொல்வதும் தவறு, கொல்லாது விடுவதும் தவறு.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் தந்தது 'பிசிஆர்' முறையாகும். வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ.; அதை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றி, பின் சூடாக்கியும் குளிர்வித்தும் ஒவ்வொரு சுற்றிலும் இருமடங்காக்குகின்றனர். 30 சுற்றுகளில் ஒரு துணுக்கு 100 கோடிக்கு மேல் பெருகிவிடும். பெருகும்போதே ஒளிரும் சாயத்தைக் கருவி அளந்துகொண்டிருக்கும். எத்தனையாவது சுற்றில் ஒளி தென்படுகிறதோ, அதைக்கொண்டு மாதிரியில் வைரஸ் எவ்வளவு இருந்தது என்பதையும் கணிக்கலாம். முதலில் எல்லா 'ஏ' வகைகளுக்கும் பொதுவான மேட்ரிக்ஸ் மரபணுவைத் தேடுவர்; கிடைத்தால் எச்5, எச்7, எச்9 ஆகியவற்றுக்குத் தனித்தனியே தேடுவர். சில மணி நேரத்தில் விடை வந்துவிடுகிறது. சுற்றுக் கருவியே இல்லாமல் 60 முதல் 65 டிகிரி வரையிலான ஒரே வெப்பநிலையில் மரபணுவைப் பெருக்கும் 'லேம்ப்' முறையும் 2000இல் ஜப்பானியரால் வெளியிடப்பட்டது. சிறிய ஆய்வுக்கூடங்களுக்கு ஏற்றது.

அப்படியாயின் போபால் எதற்கு? அங்குள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனம், காற்று வெளியே கசியாத, கழிவுநீரும் கிருமி நீக்கப்பட்டே வெளியேறும் கூடமாகும். உயிருள்ள கொடிய வைரஸை முட்டையில் வளர்க்கும் வேலையை இத்தகைய இடத்தில்தான் செய்ய வேண்டும். 'எச்' புரதம் பிளவுறும் இடத்தின் மரபு வரிசையைப் படித்து, வைரஸ் கொடியதா என்று தீர்ப்பளிப்பதும் அதன் பணி. 2021 ஜனவரியில் கேரளம் அனுப்பிய 8 மாதிரிகளில் 5இல் எச்5என்8 இருப்பதாகப் போபால் அறிவித்த பின்னரே அழிப்புப் பணி தொடங்கிற்று. ஓர் அறிவிப்பால் ஒரு கிலோமீட்டர்ச் சுற்றளவிலுள்ள பறவைகள் யாவும் கொல்லப்படுகின்றன. 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு நீள்கிறது. புளியறை, வாளையார் சோதனைச் சாவடிகளில் தமிழ்நாடு கேரள வாகனங்களுக்கு மருந்து தெளிக்கிறது. முட்டை ஏற்றுமதியும் தடைப்படக்கூடும். இத்தனை விளைவுகள் உள்ள தீர்ப்பை ஓரிடத்தில் வைத்திருப்பதில் நியாயம் உண்டு.

எனினும் தீர்ப்பு வேறு, எச்சரிக்கை வேறு. பிசிஆருக்கு உயிருள்ள வைரஸ் தேவையில்லை. மாதிரியைச் சிதைப்புக் கரைசலில் இட்டவுடனேயே வைரஸ் செயலிழந்துவிடுகிறது. எஞ்சுவது மரபுப்பொருள் மட்டுமே. ஆகையால் பாலோட்டிலும், திருவல்லா மஞ்ஞாடியிலுள்ள பறவை நோய் ஆய்வுக்கூடத்திலும் முதற்கட்டச் சோதனை நடத்தி, ஐயம் எழுந்த அன்றே மந்தையின் நடமாட்டத்தையும் விற்பனையையும் நிறுத்துவதற்குத் தடையேதும் இருக்க வேண்டியதில்லை. போபாலின் விடை வரும்வரை பறவைகளைக் கொல்லாமல், நகரவும் விடாமல் வைத்திருப்பது போதும். விடை 'இல்லை' என வந்தால் விவசாயிக்கு நட்டம் சில நாள் தீவனச் செலவே.

விவசாயியின் கணக்கு இதில் சிறிதன்று. 2021இல் கேரள அரசு இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும், அதற்குட்பட்ட குஞ்சுக்கு 100 ரூபாயும் இழப்பீடாக அறிவித்தது. பொதுவாக இழப்பீடு அழிக்கப்படும் பறவைகளுக்கு உரியது. முடிவு வருமுன் செத்தவை கணக்கில் சேர்வது கடினம். சோதனை தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் செத்தவை கூடி, இழப்பீட்டுக்குரியவை குறைகின்றன. இதனாலேயே நோயை மறைத்து மந்தையை விற்றுவிடும் எண்ணமும் தலைதூக்குகிறது. விடை விரைந்து வருமென்ற நம்பிக்கை உள்ள விவசாயி, முதல் வாத்து சாயும்போதே கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புவார்.

அழிப்பு முடிந்த பின்னரும் ஆய்வுக்கூடத்தின் வேலை முடிவதில்லை. புதிய குஞ்சுகளை வாங்க அனுமதி கிடைக்கும்முன், கண்காணிப்புப் பகுதியில் மீண்டும் மீண்டும் எடுக்கப்படும் மாதிரிகள் யாவும் வைரஸ் அற்றவை எனத் தெரிய வேண்டும். ஐந்து பஞ்சுக்குச்சிகளை ஒரே குழாயில் இட்டுச் சோதிப்பதால் செலவும் நேரமும் குறைகின்றன. பறவைகளைக் கொன்று புதைத்த ஊழியர்களும் பத்து நாட்கள் கண்காணிக்கப்படுகின்றனர். எவருக்கேனும் காய்ச்சல் கண்டால் தொண்டையிலிருந்து எடுக்கப்படும் மாதிரி, மனித நோய்களை ஆராயும் புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்துக்குச் செல்லும். அந்நிறுவனத்தின் கிளை ஒன்று ஆலப்புழையிலேயே, வாத்து வயல்களுக்கு அருகில், 2008 முதல் இயங்கி வருகிறது.