மைக் சத்தம் குறைந்தால் நெட்டைத் திட்டாதீர்கள்

அந்தமானில் கம்ப்யூட்டரில் எது கோளாறானாலும் முதல் பழி நெட்டுக்குத்தான். அதற்கு நியாயமும் உண்டு. 2020 ஆகஸ்ட் 10-இல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்து சேரும்வரை செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தோம். பேசிய சொல் சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி, அதே தூரம் கீழே இறங்க வேண்டும். போய்ச் சேரக் கால் நொடி, பதில் வர இன்னொரு கால் நொடி. துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் "பின்னாடி ஆள்!" என்று கத்தினால், கூட்டாளி திரும்புவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். தீவுகளையும் சேர்த்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளும் அந்தக் கேபிள் வந்ததும் இந்தத் தவிப்பு பெருமளவு தீர்ந்தது.

போர்ட் பிளேயரில் (2024-இலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். பையன்கள் ஹெட்செட்டோடு வந்து நிற்பார்கள். "அண்ணே, கேம்ல நான் பேசுறது யாருக்கும் சரியா கேக்கல. நெட் வீக்குண்ணே."

நெட் மோசமானால் குரல் விட்டுவிட்டு வரும், தாமதமாகும், தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒலிக்கும். சத்தம் குறையாது. கம்ப்யூட்டருக்குள் எண்களாக மாறிய பிறகுதான் குரல் கேபிளில் ஏறுகிறது. வழியில் சில எண்கள் தொலையலாம்; இருக்கிற குரலைக் கேபிள் சின்னதாக்காது. எல்லோருக்குமே உங்கள் குரல் சன்னமாகக் கேட்டால் கோளாறு உங்கள் மேசையிலேயே இருக்கிறது. ஒரே ஒரு நண்பனுக்கு மட்டும் அப்படிக் கேட்டால், அவன் பக்கத்தில் உங்கள் பெயருக்கு வைத்திருக்கும் வால்யூம் இறங்கியிருக்கலாம். டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வால்யூம் உண்டு.

சந்தேகம் தீர வழி எளிது. நெட்டை அணைத்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் ரெக்கார்டரில் பத்து நொடி பேசிக் கேளுங்கள். அதிலும் சன்னமாக இருந்தால் கடலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்து ப்ளக்கைப் பாருங்கள். என்னிடம் வருவதில் பாதி இங்கேதான் சிக்கியிருக்கும். மொபைலுக்கான ஹெட்செட் ப்ளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். காதுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே ப்ளக். மேசைக் கம்ப்யூட்டரில் பச்சை காதுக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. அந்த மொபைல் ப்ளக்கை இளஞ்சிவப்புத் துளையில் சொருகினால், காதில் இருக்கும் ஸ்பீக்கரே மைக்காக மாறி உங்கள் குரலை லேசாகப் பிடிக்கும். கேட்கிறது, ஆனால் சத்தமே இல்லை என்பதற்கு இது ஒரு காரணம். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வயர் போதும். நீலத் துளையும் ஆகாது. பெரும்பாலான ஹெட்செட்டில் இருப்பது, 1962-இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் உருவாக்கிய எலெக்ட்ரெட் வகை மைக். அதற்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். நீலத்தில் அது கிடைக்காது. எங்கள் உப்புக் காற்றில் ப்ளக்கின் உலோகம் சீக்கிரம் கறுத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

பிறகுதான் செட்டிங்ஸ். சவுண்ட் பகுதியில் 'இன்புட்' என்பதன் கீழ் சரியான மைக் தேர்வாகியிருக்கிறதா, வால்யூம் மேலே இருக்கிறதா பாருங்கள். சில செயலிகள் அதைத் தாங்களாகவே இறக்கிவிடும். அந்த மைக்கின் 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில் 'எக்ஸ்க்ளூசிவ்' என்றிருக்கும் டிக்கை எடுத்தால் பல நேரம் அது நிற்கும். டிஸ்கார்டில் 'இன்புட் சென்சிடிவிட்டி' எல்லை கூடுதலாக இருந்தால் மெல்லப் பேசும் சொற்களை அது வெட்டிவிடும்.

எல்லோரும் ஆசையோடு தேடி வருவது 'மைக்ரோஃபோன் பூஸ்ட்'. நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன். 20 டெசிபல் ஏற்றினால் சிக்னல் 10 மடங்காகும். குரலோடு மின்விசிறிச் சத்தமும் தகரக் கூரையில் விழும் மழையும் அதே 10 மடங்கு. இந்த ஊர்ப் புழுக்கத்தில் விசிறியை நிறுத்தச் சொல்லவும் முடியாது. அதற்குப் பதில் மைக்கை வாய்க்குப் பாதி தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஏறக்குறைய 6 டெசிபல் சும்மாவே கிடைக்கும், விசிறிச் சத்தம் ஏறாமலே. நாடிக்குக் கீழே தொங்கும் மைக்கை உதட்டோரம் இரண்டு விரல் தள்ளி வைத்தாலே பல பையன்களின் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. மூச்சு படாதபடி வாய்க்கு நேராக வைக்காமல் சற்று ஓரமாக வையுங்கள். அப்புறமும் போதாவிட்டால் 10 டெசிபல் ஏற்றி, மறுபடி ரெக்கார்ட் செய்து கேளுங்கள்.

மெயின்லேண்டிலிருந்து புது ஹெட்செட் வரவழைக்கக் காசும் நாளும் ஆகும் என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். எல்லாம் பார்த்தும் சரியாகவில்லையா? அதே ஹெட்செட்டை மொபைலில் மாட்டிப் பேசிப் பதியுங்கள். அங்கே நன்றாகக் கேட்டால் கம்ப்யூட்டரின் ஜாக்தான் போயிருக்கிறது; விலை குறைந்த யுஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்று போதும். அங்கேயும் சன்னமாகவே இருந்தால் மட்டும் புதுசு வாங்குங்கள்.