முக்கால் டன்னா, ஒன்றரை டன்னா?

திருவனந்தபுரம் வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயிலையும் அக்ரகார வீடுகளையும் கடந்து சற்று நடந்தால் சாலைக் கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சந்தை அது. அரிசி, காய்கறி, வாழைக்குலை என இன்றும் தமிழகச் சரக்கு அங்கு வந்து இறங்குகிறது. அவ்வட்டாரத்தில் சொந்த வண்டி வாங்க முனையும் வணிகர், சிறியதா பெரியதா என்றே முதலில் தயங்குகிறார்.

2005இல் வெளிவந்த டாடா ஏஸ் சுமக்கும் அளவு ஏறத்தாழ 750 கிலோ; அதாவது 50 கிலோ மூட்டை பதினைந்து. ஒன்றரை டன் பிக்கப்பில் முப்பது ஏறும். ஆனால் விளம்பரத்தில் காணும் எண்ணை அப்படியே நம்பலாகாது. பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் கிடைப்பதே கணக்கு. அதிலும் ஓட்டுநர், உதவியாளர், பின்னர் பொருத்தும் இரும்பு அடைப்பு ஆகியவை சேர்ந்து 200 கிலோவை எடுத்துக்கொண்டால் நான்கு மூட்டை குறையும்.

கடைத்தெருவுக்குள்ளேயே பத்து மூட்டை விநியோகிப்பவருக்குச் சிறிய வண்டியே பொருந்தும். நெரிசலான சந்துகளில் திருப்புவதும் எளிது. நாகர்கோவிலிலிருந்து நாள்தோறும் 25 மூட்டை ஏற்றி வருபவரின் நிலை வேறு. பெரிய வண்டிக்குக் கூடுதலாக 3 லட்சம் ரூபாய் கடன் தேவை என்று கொள்வோம். 10 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 6,370 ரூபாய். மாதத்தில் 26 நாள் ஓடினால் நாளொன்றுக்கு 245 ரூபாய். சிறிய வண்டியோ இரண்டாம் முறை போய்வர வேண்டும்: ஏறத்தாழ 140 கி.மீ. லிட்டருக்கு 18 கி.மீ. கிடைத்தாலும் எட்டு லிட்டர் டீசல். அந்த 245 ரூபாய் எம்மட்டு! ஓட்டுநரின் அரைநாளை இன்னும் சேர்க்கவில்லை.

மூட்டையை நெருக்கி அடுக்கி ஒரே நடையில் கொண்டுவரலாம் என்பவர்களும் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, மிகைச் சுமைக்கு 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. மிகுதியை இறக்கிய பின்னரே வண்டி நகரலாம். களியக்காவிளையில் நடுவழியே மூட்டை இறக்குவதை எண்ணிப் பாருங்கள்.

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. ஒன்றரை டன் வண்டிகளில் சில இவ்வரம்பைக் கடப்பவை. எல்லை தாண்டி ஓட்டுவோர் முன்பணம் கட்டுமுன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் சிக்கல் இல்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளை இலகுரக வாகன உரிமத்துடனேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துள்ளது.

கடன் விண்ணப்பத்துடன் மூன்று மாத ஏற்றுக் கணக்கையும் கிளைக்குக் கொண்டுவாருங்கள். அதில் ஓணக்கால மூட்டைகளைத் தனியே குறியுங்கள். அந்தப் பத்து நாளுக்கு வாடகை வண்டி போதும்.