நிறுத்திய லொறியில் எஞ்சின் வேகத்தைக் கூட்டி வைத்தல்: வயரிங்கும் பாதுகாப்பும்

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மழையாலும் மண்சரிவாலும் வீடுகளைவிட்டு வெளியேறிய நீங்கள் இப்போது திரும்பிச் செல்கிறீர்கள். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் எல்லா இடங்களுக்கும் ஒரே நாளில் வந்து சேராது. அதுவரை தோட்டத்தில் யாரிடமாவது இருக்கும் மரக்கறி லொறி பெரிய உதவியாக இருக்கும். அதில் தாங்கி வைத்துத் தண்ணீர் கொண்டுவரலாம். எஞ்சினால் பம்பைச் சுழற்றி மேல் லயத்துக்குத் தண்ணீர் ஏற்றலாம். இன்வேட்டர் பூட்டி விளக்கெரிக்கலாம், தொலைபேசிகளுக்குச் சார்ஜ் ஏற்றலாம். இவற்றுக்கு, நிறுத்திய லொறியின் எஞ்சின் வழமையைவிடச் சற்று வேகமாக ஓட வேண்டும். லொறி உங்களுடையதாக இல்லாவிட்டாலும் இதை வாசியுங்கள். அது நிற்கப்போவது உங்கள் வீட்டு வாசலில்.

வேகத்தை ஏன் கூட்ட வேண்டும்?

அக்சிலேட்டரை மிதிக்காதபோது சிறிய டீசல் லொறியின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 முதல் 750 சுற்றுகள் ஓடும். அந்த வேகத்தில் ஒல்டனேட்டர் தன் முழு அளவில் பாதியைக்கூடத் தராமல் போகலாம். விளக்குகளும் சார்ஜர்களும் சேர்ந்து 500 வொட் எடுத்தால் 24 வோல்ட் லொறியில் 21 அம்பியர் வேண்டும். 12 வோல்ட் லொறியில் 42 அம்பியர் வேண்டும். இன்வேட்டரில் வீணாவதைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஒல்டனேட்டர் தராத மிச்சம் பெட்டரியிலிருந்துதான் போகும். காலையில் லொறி ஸ்டார்ட் ஆகாது.

சார்ஜ் ஏற்றுவதற்குப் பொதுவாக 1,000 முதல் 1,200 சுற்றுகள் போதும். பம்புக்கு எவ்வளவு வேண்டும் என்பது பம்பின் தகட்டில் எழுதியிருக்கும். அதைத் தாண்டாதீர்கள்.

அக்சிலேட்டரில் கல் வைக்காதீர்கள்

வழமையாக மேட்டில் லொறியை நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்குவோம். எஞ்சின் ஓட வேண்டுமானால் அப்படிச் செய்ய முடியாது. கியர் நியூட்ரலில் இருக்கும். லொறியை ஹேண்ட் பிரேக் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். இந்த நிலையில் அக்சிலேட்டரில் கல்லை வைத்தால், அல்லது கம்பியால் இழுத்துக் கட்டினால், யாராவது தெரியாமல் கியரைத் தட்டியதும் லொறி பாயும். அதனால் இந்த வேலைக்கு ஒரே விதிதான்: லொறி நகரக்கூடிய நிலை வந்தவுடன் கூட்டிய வேகம் தானாகக் குறைய வேண்டும்.

முதலில் லொறியின் வகையைப் பாருங்கள்

பல பழைய ஜப்பானிய லொறிகளில் ஸ்டியரிங் அருகே ஐடில் வேகத்தைக் கூட்டும் குமிழ் ஏற்கனவே உண்டு. ஆள் பக்கத்தில் இருக்கும்வரை அது போதும். ஆனால் அது தானாகக் குறையாது.

கம்பியூட்டரில் இயங்கும் புதிய எஞ்சின்களில் அக்சிலேட்டர் மிதியின் வயர்களை வெட்டவோ ஒட்டவோ கூடாது. இப்படிப்பட்ட பல லொறிகளில் வேகம் கூட்டுவதற்கென்றே கம்பியூட்டரில் தனி இணைப்பு இருக்கும். அந்த லொறியின் வயரிங் படம் வைத்திருக்கும் கராஜில் மட்டும் செய்வியுங்கள்.

பழைய எஞ்சினில் வயரிங் செய்யும் முறை

1. சாவியைத் திறந்தால் மட்டும் மின் வரும் வயரிலிருந்து இணைப்பை எடுக்க வேண்டும். எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே தனி பியூஸ் போட வேண்டும். வயர் தாங்கும் அம்பியரைவிடப் பெரிய பியூஸ் போடக்கூடாது.

2. அடுத்து சுவிட்ச். அது போட்டிருப்பதைக் காட்ட ஒரு சிவப்பு விளக்கு.

3. சுவிட்சிலிருந்து ரிலேவுக்குப் போகும் மின், நியூட்ரல் சுவிட்ச், ஹேண்ட் பிரேக் சுவிட்ச் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும். இரண்டில் ஒன்று சரியில்லாவிட்டாலும் ரிலே வேலை செய்யக்கூடாது.

4. பல லொறிகளில் ஹேண்ட் பிரேக் சுவிட்ச் எச்சரிக்கை விளக்குக்கு எர்த் கொடுப்பது. அதையே பயன்படுத்தினால் ஒரு டயோட் வைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு இணைப்புகளும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். காற்று பிரேக் லொறியில் சுவிட்ச் வேறுவிதமாக இருக்கலாம். மீட்டரால் பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

5. கால் பிரேக்கை மிதித்தாலும் ரிலே விடுபட வேண்டும்.

6. ரிலே, அக்சிலேட்டர் நெம்பை இழுக்கும் சொலனொயிட்டை இயக்கும். மின் நின்றால் நெம்பைத் திருப்பி இழுக்க நல்ல ஸ்பிரிங் வேண்டும். வேகம் அளவை மீறாதபடி தடுப்புத் திருகாணியும் வேண்டும்.

வேலை முடிந்ததும் நீங்களே பாருங்கள்

சமதரையில், சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஓட்டுநர் உட்கார்ந்திருக்கச் சோதியுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால் வேகம் குறைகிறதா? கிளச்சை மிதித்துக் கியரைத் தொட்டால் குறைகிறதா? கால் பிரேக்கை மிதித்தால்? பியூஸைக் கழற்றினால்? நான்கிலும் "ஆம்" என்று வந்தால்தான் மெக்கானிக்குக் காசு கொடுங்கள். பிறகு பெட்டரியில் மீட்டரை வையுங்கள். பாரம் ஏற்றிய நிலையிலும் 12 வோல்ட் லொறியில் 13.5க்கு மேலும், 24 வோல்ட் லொறியில் 27க்கு மேலும் காட்ட வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்களை மண் மூடியதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. ஈரமான சரிவை அதற்குரிய பயத்தோடு பாருங்கள். வெட்டிய மண்மேட்டின் கீழும், மண் கொட்டி அகலமாக்கிய பாதையின் ஓரத்திலும் லொறியை நிறுத்தாதீர்கள். தண்ணீர் நிறைந்த 1,000 லீற்றர் தாங்கி ஒரு தொன் பாரம். பள்ளப் பக்கமாகச் சில்லுகளுக்கு மரக்கட்டை வையுங்கள். முன் சில்லுகளை மேட்டுப் பக்கம் திருப்பி வையுங்கள். லொறிக்குக் கீழ்ப்பக்கம் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

புகையும் வீட்டு வயரிங்கும்

பண்டாரவளைக் குளிரில் கதவைச் சாத்திக்கொள்வோம். புகைக்குழாய் கூடாரத்தையோ ஜன்னலையோ பார்த்திருந்தால் புகையிலுள்ள காபன் மொனொக்சைட் உள்ளே தங்கும். அதற்கு மணமோ நிறமோ இல்லை. தலைவலி, தலைச்சுற்று, வாந்தி ஒரே நேரத்தில் பலருக்கு வந்தால் எல்லோரும் உடனே வெளியே வாருங்கள், எஞ்சினை நிறுத்துங்கள், 1990 அம்புலன்சை அழையுங்கள்.

இன்வேட்டரை வீட்டுப் பிளக்கில் செருகாதீர்கள். அந்த மின் வெளிக்கம்பிக்குப் போய், அதைத் திருத்திக்கொண்டிருக்கும் மின்சார ஊழியரைக் கொல்லலாம். விளக்குகளை இன்வேட்டரிலேயே நேரடியாக இணையுங்கள்.

மண்ணில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று இவற்றைக் கண்டால் லொறியைப் பற்றி யோசிக்க வேண்டாம். வீட்டாரோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய், கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள்.