கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்கள்

கோலாலம்பூருக்குச் சுற்றுலா செல்லும் தமிழர் பலர், ஸ்ரீ மகாமாரியம்மன் கோவிலில் வழிபட்டபின் அருகிலுள்ள நடுவண் சந்தைக்குச் செல்வர். 1888இல் மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்கும் சந்தையாகத் தோன்றிய அது, இன்று கைவினைப்பொருள் அங்காடியாக விளங்குகிறது. ஊரைப் பார்த்த கண், அவ்வூரின் கைத்திறனையும் அங்கேயே பார்த்துவிடுகிறது.

கல்வராயன் மலைக்குச் செல்வோரின் பயணம் பெரும்பாலும் அவ்வாறு அமைவதில்லை. கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறுவர். மேகம், பெரியார் அருவிகளைக் கண்டு மகிழ்வர். போகும்போதும் வரும்போதும் தாம் கடந்த கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பக்கலை வாழ்வதை அறியாமலே பலர் திரும்புகின்றனர். அக்கலைக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

சிற்பியின் பணி, மரத்தைத் தேர்வதில் தொடங்குகிறது. வாகை, தேக்கு போன்ற மரங்கள் இதற்குப் பயன்படுகின்றன. வெட்டிய மரத்தை உடனே செதுக்கலாகாது. ஈரம் வற்றும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களின் போக்கில் அது சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப்போல ஏறத்தாழ இரு மடங்காகும். இவ்வேறுபாட்டால் மரம் வெடிக்கிறது. நன்கு உலராத மரத்தில் செய்த சிலை, வாங்கியவர் வீட்டில் சில மாதங்களில் பிளவுபடுவதற்குக் காரணம் இதுவே. பழி மட்டும் சிற்பியைச் சேரும்!

உலர்ந்த மரத்தின்மீது உருவம் வரையப்படும். கடவுள் உருவமாயின், முகத்தின் நீளத்தை அடிப்படை அளவாகக் கொண்டு பிற உறுப்புகளை வகுக்கும் தாளமுறை பின்பற்றப்படும். வேண்டாத பகுதிகளை அகன்ற உளியும் கொட்டாப்புளியும் கொண்டு நீக்கியபின், மெல்லிய உளிகள் கண்ணையும் அணிகலனையும் வெளிக்கொணரும். உப்புத்தாள் தேய்ப்பும் மெருகும் இறுதியில் வருவன.

கணினி வழி இயங்கும் பொறிகளும் இன்று மரத்தைச் செதுக்குகின்றன. இரண்டையும் வேறுபடுத்தி அறிவது இயலாத செயலன்று. மேலிருந்து இறங்கும் பொறியின் முனை, எளிய பொறிகளில், ஓர் இலையின் அடிப்புறத்தைக் குடைந்து செல்ல இயலாது. வளைந்த உளி செல்லும். எனவே சிற்பத்தின் முகப்பை மட்டும் பாராமல், மாலைக்கும் மார்புக்கும் இடையிலுள்ள வெளியையும் பின்புறத்தையும் விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். வலப்பக்க இதழும் இடப்பக்க இதழும் மயிரிழையும் பிசகாமல் ஒத்திருந்தால் ஐயுறுவதில் தவறில்லை.

இதில் புவிசார் குறியீடு எவ்வளவு துணை செய்யும்? 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அது ஊரின் பெயரைப் பிறர் தவறாகப் பயன்படுத்தாமல் காக்கிறது. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். எனினும் அக்குறியீடு காப்பது ஊரின் பெயரையே; செதுக்கியவர் பெயரை அன்று. இடைத்தரகர் வழியே நகரங்களுக்குச் செல்லும் சிற்பத்தோடு செய்தவர் பெயர் செல்வது அரிது. பட்டறையிலேயே வாங்குபவர், அடிப்பீடத்தில் சிற்பியின் பெயரையும் ஆண்டையும் பொறித்துத் தருமாறு கேட்கலாம். உளி கையிலேயே இருப்பதால், அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.