பவர் விண்டோ மாட்டுமுன் கவனிக்க வேண்டியவை

கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மாருதி 800, ஆம்னி, பழைய ஆல்டோ போன்ற கார்களை வைத்திருப்பவர்கள், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ தங்கள் ஊர்க் கடைவீதியிலோ பவர் விண்டோ கிட் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, ரசீது என்ற ஒன்றைக் கேட்க வேண்டும் என்ற நினைவே இல்லாமல் வீடு திரும்புவதையும், பின்னொரு நாள் ஒயர் கருகிப் புகை கிளம்பி, இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கையை விரித்த பிறகு, யாரிடம் முறையிடுவது என்று அறியாமல் அலைவதையும் நான் ஓயாமல் கண்டு வருகிறேன். சௌகரியத்தை விரும்புவதில் தவறில்லை; எழுத்தில் ஒன்றுமில்லாமல் அதைச் செய்துகொள்வதுதான் பெருந்தவறு.

சட்டத்தைப் பற்றி முதலில் இரண்டொரு வார்த்தை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை வற்புறுத்தியது. அநுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைவாசமோ உண்டு. ஆனால் கண்ணாடி கையால் ஏறுகிறதா மோட்டாரால் ஏறுகிறதா என்பது ஆர்.சி.யில் ஒரு விவரமாகவே இடம்பெறுவதில்லை. ஆகவே, இந்த மாற்றத்தையும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிய வேண்டும் என்று பயமுறுத்திப் பணம் பிடுங்கும் தரகர்களுக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம். கதவைத் திறந்த கையோடு கறுப்பு ஃபிலிமும் ஒட்டித் தருவதாகக் கடைக்காரர் சொன்னால் மட்டும் திடமாக மறுத்துவிடுங்கள்: பக்கக் கண்ணாடி வழியே 50 சதவீதமும், முன் பின் கண்ணாடிகள் வழியே 70 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி.

உண்மையான அபாயம் ஒயரிங்கில் இருக்கிறது. கண்ணாடி மேலே முட்டி நின்ற பிறகும் சுவிட்சிலிருந்து விரலை எடுக்காவிட்டால், மோட்டார் இழுக்கும் மின்சாரம் பன்மடங்காகிறது. அத்தகைய சுமையை, வேலை சுலபமாக முடிய வேண்டும் என்பதற்காக, ஸ்டீரியோவுக்கோ லைட்டருக்கோ போகும் மெல்லிய ஒயரைச் சீவி அதில் முறுக்கிவிடுகிறார்கள். ஃப்யூஸ் போனால் பெரிய ஃப்யூஸைச் செருகுகிறார்கள். அப்பொழுது ஃப்யூஸ் போவதற்குப் பதில் ஒயர் எரிகிறது. பாட்டரியிலிருந்து தனி ஒயர், பாட்டரிக்கு அருகிலேயே தனி ஃப்யூஸ், சாவி போட்டால்தான் இயங்கும் ரிலே ஆகிய இம்மூன்றும் இல்லாத வேலையை ஏற்காதீர்கள். கதவுக் கீல் பக்கம் குனிந்து பாருங்கள்: ஒயர் கதவுக்குள் நுழையும் இடத்தில் மடிப்பு ரப்பர் குழாய் இருக்க வேண்டும், அது இல்லாமல் தகட்டில் வெறுமனே துளையிட்டு விட்டிருந்தால், கதவு திறந்து மூடுந்தோறும் தகட்டு விளிம்பு ஒயரின் மேலுறையை அறுத்து, நாளடைவில் உள்ளிருக்கும் செம்பு தலைகாட்டும்.

குழந்தைகள் விஷயத்தில் அலட்சியம் மன்னிக்கத் தக்கதன்று. ஏதாவது குறுக்கிட்டால் தானாகக் கீழிறங்கும் அமைப்பு மலிவான கிட்களில் பெரும்பாலும் இராது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிய குழந்தையின் முழங்கால் சுவிட்சில் பட்டாலே போதும், கண்ணாடி கழுத்தை நெரித்துவிடும். ஆகையால் அழுத்தி மூடும் சுவிட்சை விட்டு, மேலே இழுத்தால் மட்டுமே மூடும் சுவிட்சைக் கேட்டு வாங்குங்கள். பின் ஜன்னல்களை ஓட்டுநரே பூட்டிவைக்கும் வசதியும் அவசியம். சாவியைப் போட்டுவிட்டுக் குழந்தையை வண்டியில் தனியே விடாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், ஒரு நிமிஷம்கூட விடாதீர்கள்.

இனிக் காகித விஷயம். கடைக்காரரின் ரசீதில் தேதி, வண்டி எண், கிட்டின் பெயர், மாடல், பொருளின் கிரயம், மாட்டும் கூலி, உத்தரவாதக் காலம் எல்லாம் தனித்தனியே எழுதப்பட வேண்டும். கையெழுத்தும் முத்திரையும் இல்லாத துண்டுக் காகிதம் பிறகு பிரயோஜனப்படாது. அந்த ரசீதின் நகலோடு, புது மின்சாதனம் பொருத்தியிருப்பதைத் தெரிவித்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, ஐ.எம்.டி. 24 என்ற மேலெழுத்துக் குறிப்பைப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். தயாரிப்பாளரின் விலைப்பட்டியலில் அடங்காத மின்சாதனங்களுக்காகவே ஏற்பட்ட குறிப்பு அது. பழைய மோட்டார் டாரிஃப் வகுத்த விகிதம் சாதன மதிப்பில் 4 சதவீதம். அதன்படி 6,000 ரூபாய் கிட்டுக்கு வருஷத்துக்கு 240 ரூபாயும் வரியுமே ஆகும். ஏஜெண்ட் "சின்ன சாமான்தானே, வேண்டியதில்லை" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாதீர்கள். நஷ்டம் வரும் நாளில் அந்த வாய்வார்த்தைக்கு அவர் பொறுப்பாளியாக வரமாட்டார். புது வண்டியானால், மாட்டுவதற்கு முன்பே வாரண்டிக்குப் பங்கமுண்டா என்று டீலரிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளெயிமை நிராகரித்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். முதலில் அக்கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குத்தான் புகார் போக வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியற்றதானாலும், அதன்பின் ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனை அணுகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டிடத்தில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனிக்கு முதலில் எழுதாமல் நேரே அங்கே போய் நின்று திரும்பி வருபவர்கள் பலர். அந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

வேலையில் குறையிருந்து கடைக்காரர் பழுதைச் சரிசெய்ய மறுத்தால், பழுதைப் படம் எடுத்து, பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்கு உட்பட்டதானால் கட்டணமும் இல்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மனுவோடு முதலில் இணைக்க வேண்டிய ஆதாரம் அந்த ரசீதுதான். அதைக் கையில் வாங்காமல் கடையிலிருந்து வண்டியை எடுக்காதீர்கள்.